பழைய புல்லட்டில் கியர் சரியாக விழவில்லையா? பெட்டியைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: 1970களில் வந்த 350 சிசி புல்லட், வலது கால் கியர். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது பல நேரம் நடுவில் நியூட்ரல் மாதிரி விழுந்து எஞ்சின் அலறுகிறது. சிக்னலில் நின்ற பிறகு நியூட்ரல் கிடைப்பதே இல்லை. நியூட்ரலிலிருந்து முதல் கியர் போட்டால் 'டங்' என்று சத்தம் வந்து வண்டி முன்னால் குதிக்கிறது. கியர் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று தொந்தரவுகளில் ஒன்றுகூட கியர் பற்கள் தேய்ந்ததால்தான் வருகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. நியூட்ரல் கிடைக்காததும் முதல் கியர் சத்தமும் பெரும்பாலும் கிளட்ச் செய்யும் வேலை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தொங்குவது பெரும்பாலும் கால் லிவருக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கும் ராட்செட்டின் (ஒரு மிதிக்கு ஒரு கியர் மட்டும் நகர்த்தும் பல் அமைப்பின்) வேலை. இரண்டையும் பெட்டியின் உள்வயிற்றைத் தொடாமலே சரிசெய்யலாம்.

முதலில் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஆல்பியன் வகை நாலு கியர் பெட்டி எஞ்சினின் முதுகில் தனியாக போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். உள்ளே எல்லா கியர்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் கியர் மாற்றும்போது அந்தச் சுற்றுப் பற்கள் பிரிந்து சேர்வதில்லை. கியரின் பக்கவாட்டில் தடியாக நிற்கும் சில பற்கள் பக்கத்துக் கியரின் பற்களுக்கு நடுவே போய்க் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். இவற்றை டாக் என்பார்கள். ஒரு கியரின் டாக் விடுபட்டு அடுத்ததன் டாக் மாட்டும் வரை நடுவில் எதுவும் பிடிக்காத ஓர் இடைவெளி கட்டாயம் இருக்கும். உங்கள் வண்டி விழுகிற 'நியூட்ரல்' அந்த இடைவெளிதான். அது பெட்டியின் அமைப்பிலேயே உண்டு. லிவரின் அசைவு அந்த இடைவெளியைக் கடந்து முடிகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்பதுதான் விஷயம்.

அதனால் நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்றாவது கியர் விழவே இல்லையா, அல்லது விழுந்துவிட்டு அப்புறம் எகிறுகிறதா? ஓட்டும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். காரணங்கள் வேறு வேறு. காலியான சாலையில் மூன்றாவது போட்டபின் லிவரைக் காலால் அழுத்திப் பிடித்தபடியே மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அழுத்தியிருக்கும் வரை இழுக்கிறது, காலை எடுத்ததும் விட்டுவிடுகிறது என்றால் கியர் முழுசாக விழவில்லை என்று அர்த்தம். அழுத்திக்கொண்டிருக்கும்போதே எகிறினால் டாக்கையோ, கியரை நகர்த்தும் ஃபோர்க்கையோ சந்தேகப்படலாம். இந்தச் சோதனையை ஓரிரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். லிவரை அழுத்திப் பிடித்து ஓட்டினால் ஃபோர்க் கியரோடு உரசித் தேயும். சிலர் இதையே பழக்கமாக்கி ஒரு நல்ல ஃபோர்க்கைக் கெடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கிளட்சிலிருந்து ஆரம்பிக்கலாம். கிளட்ச் முழுசாக விடுபடாவிட்டால் எஞ்சினின் இழுவை கொஞ்சமாவது பெட்டிக்குள் போய்க்கொண்டே இருக்கும். டாக் பற்கள் அந்த இழுவையில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நின்ற வண்டியில் அவற்றைப் பிரித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர எவ்வளவு மிதித்தாலும் முடியாது. முதல் கியர் போடும்போது கேட்கும் 'டங்' சத்தமும் அதே காரணத்தால்தான். ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் நிற்கிறது, இரண்டும் மோதுகின்றன.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நியூட்ரலில் கிளட்சைப் பிடியுங்கள். உடனே கியர் போடாமல் மூன்று நான்கு விநாடி காத்திருந்து முதல் கியரைப் போடுங்கள். நல்ல கிளட்சாக இருந்தால் லேசான 'டொக்' மட்டும் வரும். அப்போதும் 'டங்' என்று குதித்தால் கிளட்ச் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் முதல் முறை மட்டும் இப்படி வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ராத்திரி முழுக்க நின்றதில் பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை கிக்கரை மிதித்தால் விட்டுவிடும்.

கிளட்ச் பிடித்துக்கொண்டிருந்தால் உடனே பிளேட்டுக்குப் போகாதீர்கள், கேபிளைப் பாருங்கள். கைப்பிடி லிவரில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு போதும். அதற்கு மேல் இருந்தால் நம் கை இழுப்பில் ஒரு பகுதி தளர்வை எடுப்பதிலேயே போய்விடும். லிவரின் அச்சு போல்ட் தேய்ந்து ஆடினாலும், கேபிள் முனையில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து கொண்டிருந்தாலும் இதே கதைதான். அடுத்தது, பெட்டியின் ஷாஃப்ட்டுக்குள் ஓடி கிளட்சைத் தள்ளும் நீளமான கம்பி. அதன் முனை கெட்டியாகப் பதம் வைக்கப்பட்டிருக்க வேண்டும். பதமில்லாத மலிவான கம்பி போட்டால் முனை காளான் தலை மாதிரி நசுங்கி, வாரத்துக்கு ஒரு முறை கேபிளை அட்ஜஸ்ட் செய்ய வேண்டி வரும். அடிக்கடி அட்ஜஸ்ட் செய்தும் தளர்வு திரும்பத் திரும்ப வருகிறதா? அந்தக் கம்பியை உருவிப் பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் பிடித்துக்கொண்டால் இடது பக்கச் செயின்கேஸைத் திறக்கலாம். ஆயிலை வடித்து, ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்தபின் கவரை நடுவில் இருக்கும் ஒரே நட்டு பிடித்திருக்கும். கவர் வந்ததும் ஒருவரைக் கிளட்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். கிளட்சின் முகத்தில் இருக்கும் பிரஷர் பிளேட் சுற்றும். அது நேராகச் சுற்றுகிறதா, ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் அமுங்கித் தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். 350இல் மூன்று ஸ்பிரிங்தான். மூன்றில் ஒன்று கூடுதலாக இறுகியிருந்தாலும் பிளேட் கோணலாகத் தூக்கும், ஒரு ஓரம் உரசிக்கொண்டே இருக்கும். பிளேட் குறைவாகத் தூக்கும் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி கிக்கரை அழுத்திப் பார்த்து, தள்ளாட்டம் நிற்கும் வரை பொறுமையாகச் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. நியூட்ரல் கிடைக்காத தொந்தரவுக்கு இதைவிட நல்ல வைத்தியம் நான் பார்த்ததில்லை.

கையோடு, பிளேட்டுகளைச் சுற்றி நிற்கும் கிளட்ச் டிரம்மின் விரல்களையும் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்து அந்த விரல்களில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். பிளேட் நகர வேண்டிய நேரத்தில் அந்தக் குழிகளில் சிக்கிக்கொள்ளும். ஆழம் குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் நேராக்கலாம். இரும்புப் பிளேட்டுகளைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து ஓரங்களை விரலால் அழுத்துங்கள். ஆடினால் அது வளைந்த பிளேட். எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு ஓடும் பிரைமரி செயினின் தளர்வு, அது மிகவும் இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளந்தால், சுமார் 6 மி.மீ. இருக்க வேண்டும். இதைவிட இறுக்கினால் பெட்டியின் மெயின் ஷாஃப்ட்டை எந்நேரமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் கியர் பெட்டி ஆயில். கிக்கர் ஷாஃப்ட் வழியாக ஆயில் கசிகிறது என்பதற்காகப் பெட்டி முழுக்கக் கெட்டி கிரீஸை அடைத்துவிடுவார்கள். இதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. கெட்டி கிரீஸில் கியர் தனக்கென்று ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு அதற்குள் காய்ந்தபடி சுற்றும். குளிரில் நகரவே தயங்கும். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை, ஷாஃப்ட்டைத் தாங்கும் பித்தளை புஷ்களைக் கெடுக்காத ஜிஎல்-4 தரத்தில் போடுங்கள். கசிவுக்குத் தனியாக வழி பாருங்கள். பழைய ஆயிலை வண்டி ஓடி முடித்த சூட்டில், வெள்ளை நிறப் பாத்திரத்தில் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரு காந்தத்தை அதில் ஓட்டினால் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டும், அது வழக்கம்தான். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இரும்புச் சில்லுகள் இருந்தால் எங்கோ டாக்கோ பல்லோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் பொன் நிறத்தில் மினுமினுத்தால் புஷ் தேய்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டியைப் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு இந்த ஒரு பாத்திரம் சொல்லும் சாட்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தொங்குவது.

எனக்கும் இதே தொந்தரவு வந்தது. பெட்டியைப் பிரித்து, டாக் கொஞ்சம் மழுங்கியிருந்த இரண்டு கியர்களை மாற்றிப் பூட்டினேன். பத்து கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி அதே இடத்தில் எஞ்சின் அலறியது. வண்டியை ஸ்டாண்டில் போட்டுக் கால் லிவரை வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே தூக்கி விட்டால் ஓர் இடத்தில் வந்து நின்றது. கீழே அழுத்தி விட்டால் அதைவிட 5 மி.மீ. கீழே நின்றது. லிவரை நடுவுக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் ஒரு கால் உரசி உரசிப் பாதி தடிமனுக்கு வந்திருந்தது. லிவர் நடுவுக்கு வராததால் ராட்செட் அடுத்த பல்லைப் பிடிக்கவே இல்லை. ஸ்பிரிங் மாற்றியதும் தொந்தரவு போய்விட்டது.

ராட்செட்டின் வேலையைக் கிணற்று ராட்டினத்தின் தடுப்புப் பல்லோடு ஒப்பிடலாம். லிவரை ஒரு முறை அழுத்தினால் ஒரு பல் மட்டும் பிடித்து உள்ளே இருக்கும் தண்டை ஒரு கியர் அளவுக்குத் திருப்பும். விட்டால் லிவர் மட்டும் நடுவுக்குத் திரும்பி அடுத்த பல்லைப் பிடிக்கத் தயாராக நிற்கும். நடுவுக்குச் சரியாக வராவிட்டால் ஒரு திசையில் பல் சீக்கிரம் பிடிக்கும், மறு திசையில் தாமதமாகப் பிடிக்கும். தாமதமாகப் பிடித்த பக்கம் லிவரின் அசைவில் பாதி வீணாகி, கியர் அந்த இடைவெளியிலேயே நின்றுவிடும்.

முதலில் கால் லிவரையே அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் பல் வரிகளில் அது துளி ஆடினாலும் அங்கேயே அசைவு வீணாகும். ஃபுட்ரெஸ்ட்டில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். லிவரின் நுனிக்கு நேராக ஒரு ஸ்கேலைக் கட்டி வையுங்கள். விரலால் மெல்ல மேலே தூக்குங்கள். ராட்செட் பல் பிடிப்பது விரலில் ஒரு சின்னத் தடையாகத் தெரியும், அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் கீழே அழுத்திக் குறியுங்கள். இரண்டு அளவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

சமமில்லை என்றால், எனக்கு நேர்ந்தது போல ஸ்பிரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங்கைத் தாங்கும் தகடு தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கலாம். தகட்டை இரண்டு நட்டுகள் பிடித்திருக்கும். நட்டுகளைத் தளர்த்தினால் தகடு நகரும். நகர்த்தும் முன் பழைய இடத்தை ஊசியால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். நட்டை இறுக்கி, மறுபடி ஸ்கேலில் பார்த்து, மறுபடி நகர்த்துங்கள். அவசரப்பட்டால் இரண்டு-மூன்று சரியாகி மூன்று-இரண்டு கெட்டுப்போகும்.

ஸ்பிரிங்கைப் பார்க்க வலது பக்க வெளிக் கவரை எடுக்கும்போது கிக்கர் ஷாஃப்ட்டை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே கவரை இழுங்கள். ஷாஃப்ட்டும் கவரோடு சேர்ந்து வெளியே வந்தால் கிக்கர் ஸ்பிரிங் இடம் மாறி, அதைத் திரும்ப ஏற்றுவதே தனி வேலையாகிவிடும்.

நடு சரியாக வந்தும் கியர் தொங்குகிறதா? அப்படியானால் அசைவின் மொத்த அளவைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே (விரல் செயின் பக்கம் போகாமல்) லிவரை முட்டும் வரை கீழே அழுத்துங்கள். உள்ளே 'க்ளிக்' என்று உட்கார்ந்து, சக்கரத்தோடு எஞ்சினும் சேர்ந்து சுற்றினால் மூன்றாவது விழுந்துவிட்டது. லிவர் முட்டி நின்றும் 'க்ளிக்' வராமல் சக்கரம் சும்மா சுற்றினால் அசைவு குறைவு. 'க்ளிக்' வந்து, அதையும் தாண்டிப் போய்ச் சக்கரம் மறுபடி சும்மா சுற்றினால் அசைவு அதிகம். இரண்டுமே ஓட்டும்போது ஒரே மாதிரி 'நியூட்ரல்' ஆகத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் நேரெதிர்.

அசைவை வரையறுப்பது ராட்செட் வளையத்தின் முளைகள் போய் முட்டும் ஒரு தகடு. அசைவு குறைவாக இருந்தால், முளைகள் முட்டும் இடத்தில் அந்தத் தகட்டை அரத்தால் துளியே துளி ராவ வேண்டும். இரண்டு மூன்று இழுப்பு, மாட்டிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. அசைவு ஏற்கெனவே அதிகம் என்றால் ராவுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். புதுத் தகடுதான் போட வேண்டும். அந்தத் தகட்டில் வெல்டிங் வைத்து மேடாக்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சூட்டில் பதம் போய்விடும், ஆறே மாதத்தில் மறுபடி குழி விழும்.

இதெல்லாம் செய்தும் கியர் எகிறினால் மட்டும் பெட்டியின் உள்ளே போகலாம். எந்த ஒரு கியர் மட்டும் இழுவையில் எகிறுகிறதோ அதன் டாக் அல்லது ஃபோர்க் போயிருக்கும். எல்லா கியரும் எகிறினால் கியர்களைக் குறை சொல்லாதீர்கள். கியரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் ப்ளஞ்சரின் ஸ்பிரிங்கையும், ஷாஃப்ட்டின் பக்கவாட்டு ஆட்டத்தையும், பேரிங்கையும் பாருங்கள். செயினைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் ஸ்ப்ராக்கெட்டை மேலும் கீழுமாக ஆட்டினால் பேரிங், புஷ் தேய்மானம் கையிலேயே தெரிந்துவிடும். டாக்கின் ஓரம் கத்தி வெட்டியது மாதிரி நேராக இருக்க வேண்டும். ஓரம் உருண்டு, அந்த உருண்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அந்தக் கியரும் அதோடு மாட்டும் ஜோடிக் கியரும் சேர்ந்து மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். ஃபோர்க்கின் நுனியில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் உரசியிருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

ஓட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய பைக்கைப் போலப் படக்கென்று தட்டினால் இந்தப் பெட்டிக்குப் பிடிக்காது. கிளட்சைப் பிடித்து, லிவரை முட்டும் வரை அழுத்தி, கிளட்சை முழுசாக விட்ட பிறகே காலை எடுங்கள். லிவர் நடுவுக்கு வர ஒரு கணம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கியர். சிக்னல் நெருங்கும்போது முதல் கியர் வரை இறங்காதீர்கள். இரண்டிலோ மூன்றிலோ உருண்டுகொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து, குதிகாலால் நியூட்ரல் ஃபைண்டர் என்ற சின்ன பெடலை அழுத்துங்கள். இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வரும். முதல் கியரிலிருந்து மட்டும் வராது. பலர் முதல் கியரில் நின்றுகொண்டு அதை மிதித்துவிட்டு 'ஃபைண்டர் கெட்டுப்போச்சு' என்பார்கள். அந்தச் சின்ன பெடல் இந்தப் பெட்டியின் மிக அழகான விஷயங்களில் ஒன்று. அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இதே வகைத் தொந்தரவோடு பழைய யெஸ்டி (Yezdi) பைக் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அதில் கிக்கரே கியர் லிவராகவும் வேலை செய்யும். லிவரை அசைத்தாலே கிளட்ச் தானாக விடுபடும் அமைப்பும் உண்டு. அதனால் அங்கே கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் கொஞ்சம் தவறினாலும் கியர் கடினமாகிவிடும். ராட்செட்டுக்குப் போகும் முன் கிளட்ச் என்ற வரிசை அங்கே இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

உங்கள் வண்டிக்கு இந்த வார விடுமுறையில் மூன்று வேலைகள் போதும். கேபிள் தளர்வும் பிரஷர் பிளேட்டின் தள்ளாட்டமும் முதலில். ஆயிலை வெள்ளைப் பாத்திரத்தில் வடிப்பது அடுத்தது. லிவர் நுனியில் ஸ்கேல் வைத்து மேல், கீழ் அளவு எடுப்பது மூன்றாவது. அந்த இரண்டு அளவுகளையும், காந்தத்தில் என்ன ஒட்டியது என்பதையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும், கியர் செட்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை கியர் செட் வாங்காதீர்கள்.